மலை எல்லையும் துப்பாக்கி உரிமமும்: மறையூரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

தமிழில் படைக்கலம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் வேலோடும் வாளோடும் வில்லோடும் நின்றுவிடுகின்றன. புறத்திணைப் பாடல்கள், நடுகற்கள், கோயிற் சிற்பங்கள் ஆகியவற்றைக் கொண்டு போர்க்கருவிகளை வகைப்படுத்திய அறிஞர் பலரும் துப்பாக்கியை அயலார் பொருளாகக் கருதி ஒதுக்கிவிட்டனர். அச்சொல் அயலிலிருந்து வந்தது என்பது உண்மையே. துருக்கிய மூலத்தில் தோன்றி, இடையிலுள்ள மொழிகளைக் கடந்து, தமிழில் ‘துப்பாக்கி’ என நிலைபெற்ற சொல் அது. மலைக்கு அப்பால் மலையாளத்தில் ‘தோக்கு’ என வழங்குகிறது. ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் மக்களின் வாழ்வில் இடம்பெற்றுவிட்ட ஒரு கருவியின் வரலாற்றை அயலார் வரலாறு என்று விட்டுவிட இயலாது. அதை வைத்திருக்க உரிமை பெற்றவர் யார், பெறாதவர் யார், எல்லை கடந்து கொண்டுசெல்ல யார் அனுமதிக்கப்பட்டார் என்னும் வினாக்கள் தமிழ்ச் சமூக வரலாற்றுக்கு உரியவை.

இவ்வினாக்களை ஆராய்வதற்கு மறையூர் ஏற்ற களமாகும். கேரளத்தின் இடுக்கி மாவட்டம், தேவிகுளம் வட்டத்தில் அமைந்துள்ள இவ்வூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகியவற்றோடு சேர்ந்து அஞ்சுநாடு எனப்படும். மழை மறைவுப் பகுதியாகிய இப்பள்ளத்தாக்கின் நீர் பாம்பாறாகக் கிழக்கு நோக்கி ஓடி அமராவதியில் கலக்கிறது. நீர் ஓடும் திசையிலேயே வாணிகமும் உறவும் பேச்சுவழக்கும் நெடுங்காலம் சென்றன. அஞ்சுநாட்டு வேளாளர் தம் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து மலையில் மறைந்து வாழ்ந்தவர் என்றும், அதனாலேயே ஊருக்கு இப்பெயர் என்றும் கூறுவர். சொற்பிறப்புக்கு இது சான்றாகாது. ஆனால் தம்மைப் பற்றி அம்மக்கள் கொண்டுள்ள எண்ணத்துக்குச் சான்றாகும். முனியறை என அழைக்கப்படும் பெருங்கற்காலக் கல்லறைகள் இங்கு நிறைந்திருப்பதால், குடியேற்றக் கதைகளுக்கெல்லாம் முற்பட்ட வாழ்வும் இம்மலைக்கு உண்டு.

அரசியல் எல்லை இந்த நீரோட்டத்துக்கு எதிராக வகுக்கப்பட்டது. அஞ்சுநாடு திருவிதாங்கூருக்கு உரியதாயிற்று. கிழக்கே இறங்கினால் ஆங்கிலேயரின் கோயம்புத்தூர், மதுரை மாவட்டங்கள். வடமேற்கே ஆனைமலைத் தொடரில் கொச்சி அரசின் காடுகள். அவற்றை அடுத்து மலபார் மாவட்டத்தின் பாலக்காடு. ஒரு வேட்டைக்காரன் சில நாள் நடையில் மூன்று அரசுகளின் ஆட்சிப் பகுதிகளுக்குள் புகுந்து வெளிவர முடியும். காட்டு விலங்குக்கு இவ்வேறுபாடு இல்லை. துப்பாக்கிக்கு இருந்தது.

ஆயுதக் களைவின் முன்வரலாறு

1878ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இவ்வரலாற்றைத் தொடங்குவது வழக்கமாக உள்ளது. அதற்கு முன்பே இம்மலையைச் சுற்றியுள்ள நிலங்கள் பெரும்பாலும் ஆயுதம் களையப்பட்டுவிட்டன என்பதை மறந்துவிடக் கூடாது. பாளையக்காரர் போர்கள் முடிந்ததும், 1801 டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருத்தலைத் தடைசெய்தது. மறையூரிலிருந்து கிழக்கே இறங்கினால் முதலில் எதிர்ப்படும் உடுமலைப் பகுதியின் தளியும், பழனி மலைச்சாரலின் விருப்பாட்சியும் அக்கிளர்ச்சியில் பங்கேற்ற பாளையங்களே. மேற்கே, 1809ஆம் ஆண்டு சனவரியில் குண்டறை அறிக்கையை வெளியிட்ட வேலுத்தம்பியின் எழுச்சி அடக்கப்பட்ட பின் திருவிதாங்கூரின் பழைய படைகள் கலைக்கப்பட்டன. மலபாரில் 1854ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் போர்க்கத்திகளை வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. அச்சட்டம் மலபார் மாவட்டத்துக்கு மட்டுமே உரியது. பாலக்காட்டில் குற்றமாகிய கத்தி, அடுத்திருந்த கொச்சி எல்லைக்குள் அச்சட்டத்தின்படி குற்றமாகவில்லை. ஆயுதச் சட்டம் என்பது பொருளைப் பற்றியது என்று நாம் கருதிக்கொள்கிறோம். தொடக்கம் முதலே அது நிலத்தையும் மனிதரையும் பற்றியதாக இருந்திருக்கிறது.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைத் தொடர்ந்து 1860இல் ஓர் ஆயுதச் சட்டம் வந்தது. லிட்டன் காலத்தில், 1878ஆம் ஆண்டின் 11ஆம் சட்டமாக இந்திய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டபோதுதான், துப்பாக்கியை வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும் என்பது பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்குமான பொதுநெறியாயிற்று. உரிமமின்றி வைத்திருந்தால் மூன்றாண்டு வரையும், மறைத்துக் கொண்டுவந்தால் ஏழாண்டு வரையும் சிறைத் தண்டனை விதிக்கலாம். இச்சட்டத்தின் 6ஆம் பிரிவு இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. கடல் வழியாகவோ தரை வழியாகவோ பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் ஆயுதம் கொண்டுவருவதும் வெளியே கொண்டுசெல்வதும் உரிமமின்றிக் கூடாது என்று அப்பிரிவு கூறுகிறது. அதே பிரிவு, ஆயுதம் வைத்திருக்கச் சட்டப்படி தகுதியுடைய ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்காக நியாயமான அளவில் கொண்டுவருவதற்கு விலக்கும் அளிக்கிறது.

அந்தத் தகுதியுடையவர் யார் என்பதைச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள் தீர்மானித்தன. ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர், ஆர்மீனியர், அமெரிக்கர் முதலியோருக்கு உரிமம் பெறும் கடப்பாட்டிலிருந்து விலக்கு இருந்தது. பட்டமும் பதவியும் பெற்ற இந்தியர் சிலரும் அதில் சேர்ந்தனர். ஏனையோர் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். 1887 டிசம்பரில் சென்னையில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் கூடிய மூன்றாம் காங்கிரசு மாநாடு இச்சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அன்றைய காங்கிரசின் மிதமான போக்கை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்கலாம். அவர்கள் கேட்டது படைக்கலன் தாங்கிய புரட்சியை அன்று. வெள்ளையருக்கு இயல்பாகக் கிடைத்த நம்பிக்கை தமக்கும் கிடைக்க வேண்டும் என்பதையே கேட்டனர்.

மலைப்பாதையில் மூவர்

திருவிதாங்கூர் பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதியன்று. 1888ஆம் ஆண்டிலேயே தனக்கெனச் சட்டமன்றம் அமைத்துக்கொண்ட சமஸ்தானம் அது. ஆகவே 1878ஆம் ஆண்டுச் சட்டம் தானாகவே மறையூருக்குப் பொருந்தாது. ஆனால் சின்னாற்றைக் கடந்து உடுமலைப்பேட்டைச் சந்தைக்கு இறங்கும் ஒருவர், அச்சட்டத்தின் பார்வையில் அயல்நாட்டிலிருந்து பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழைபவர் ஆவார். நெல்லும் வெல்லமும் கொண்டுவந்தால் பெரிய இடையூறு இல்லை. 1865ஆம் ஆண்டு உடன்படிக்கை திருவிதாங்கூர், கொச்சி, பிரிட்டிஷ் இந்தியா ஆகியவற்றுக்கு இடையிலான வாணிகத் தடைகளைப் பெரிதும் தளர்த்தியிருந்தது. துப்பாக்கி கொண்டுவந்தால் அது இறக்குமதி.

சட்டத்தின் வாசகத்தை அப்படியே இம்மலைப்பாதையில் பொருத்திப் பார்க்கலாம். 1877ஆம் ஆண்டு சூலையில் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் அஞ்சுநாட்டு மலையைக் குத்தகையாகப் பெற்றார். 1879இல் வடதிருவிதாங்கூர் நிலத்தோட்ட வேளாண் சங்கம் உருவாயிற்று. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் தோன்றியது. தோட்டத்துரை ஒருவர் சமவெளியிலிருந்து தம் ரைபிளுடன் மலையேறுகிறார் எனக் கொள்வோம். பிரிட்டிஷ் இந்தியாவில் அவருக்கு உரிமம் வேண்டியதில்லை. அவர் அதைக் கொண்டுசெல்வதும் திரும்பக் கொண்டுவருவதும் சொந்தப் பயன்பாடு. 6ஆம் பிரிவின் விலக்கு அவரைக் காக்கும். அதே பாதையில் அஞ்சுநாட்டு உழவர் ஒருவர் தம் வயலைக் காக்க வைத்திருந்த வாய்வழிக் கெட்டிப்புத் துப்பாக்கியைப் பழுதுபார்க்க உடுமலைக்குக் கொண்டுசெல்கிறார். அவருடைய ஊரில் அது முறைப்படி வைத்திருந்ததே ஆயினும், எல்லையின் கீழே அவர் தகுதியுடையவர் அல்லர். கீழ்நாட்டு ஆட்சியர் தனியே உரிமம் வழங்கினாலன்றி அவர் குற்றவாளி ஆகிவிடுவார். மூன்றாமவர் முதுவர். அவர் கையிலுள்ள துப்பாக்கி பெரும்பாலும் அவருடையதன்று, துரையினுடையது. அவர் சுமந்து செல்கிறார், அவ்வளவே.

இம்மூன்றாமவரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். மலைப்புலையரும் முதுவரும் இம்மலையின் தொல்குடிகளுள் அடங்குவர். டக்ளஸ் ஹாமில்டன் என்னும் படையதிகாரி 1854இல் உயர்மலைப் பகுதிக்கு வந்து வேட்டையாடினார். அவருடைய வேட்டைக் குறிப்புகள் 1892இல் நூலாயின. மன்றோவும் 1880இல் திருவிதாங்கூர் உயர்மலைகள் பற்றி நூல் எழுதினார். வேட்டைக்கு வந்த வெள்ளையருக்கு வழியறிந்தவர், சுவடறிந்தவர், விலங்கின் போக்கறிந்தவர் தேவைப்பட்டனர். 1895ஆம் ஆண்டளவில் தோட்ட முதலாளிகள் உயர்மலை வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தபோது முதுவரையே காவலர்களாக அமர்த்தினர். இரவிகுளத்து வரையாடு இன்றளவும் பெருந்தொகையாகப் பிழைத்திருப்பதற்கு அச்சங்கத்தின் கட்டுப்பாடு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. அக்கட்டுப்பாடு யாருடைய வேட்டையைக் காத்தது, யாருடைய வேட்டையைத் தடுத்தது என்று கேட்பதற்கும் இடமுண்டு. துரை சுட்டால் அது விளையாட்டு. அனுமதியின்றி மலைமகன் சுட்டால் அது திருட்டு.

சங்க இலக்கியக் குறிஞ்சிப் பாடல்களில் ‘வருடை’ எனப்படும் விலங்கை வரையாடாகக் கொள்வர் அறிஞர். அப்பாடல்கள் காட்டும் கானவன் வேட்டையாடுபவனும் ஆவான், புனம் காப்பவனும் ஆவான். தினைப்புனத்தில் இதணம் கட்டி, கவணும் தட்டையும் குளிரும் கொண்டு கிளியையும் பன்றியையும் யானையையும் விரட்டும் காட்சிகள் பலவாகக் கிடைக்கின்றன. வேட்டையையும் விளைநிலக் காவலையும் அப்பாடல்கள் தனித்தனித் தொழில்களாகப் பிரிப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டம் அவற்றைப் பிரித்தது. வேட்டை விலக்குப் பெற்றவரின் பொழுதுபோக்காயிற்று. பயிர்க்காவல் உரிமத்தாளில் எழுதப்பட வேண்டிய காரணமாயிற்று. குறிஞ்சித்திணை ஆய்வாளர் இம்மாற்றத்தைக் கருத்திற் கொள்ளாமல் இன்றைய மலைமக்களைப் பழங்கானவரின் தொடர்ச்சி என எழுதிவிடுவது எளிது. ஆனால் அது முழுமையாகாது.

செங்கோட்டையிலிருந்து மணியாச்சிக்கு

திருவிதாங்கூருக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் இடைப்பட்ட இந்த எல்லை, மறையூரிலிருந்து மலைத்தொடர் வழியே தெற்கே சென்று ஆரியங்காவுக் கணவாயருகே செங்கோட்டையை அடைகிறது. அன்று செங்கோட்டையும் திருவிதாங்கூருக்கு உட்பட்டதே. 1904ஆம் ஆண்டு முதல் கொல்லம், புனலூர், செங்கோட்டை வழியாகத் திருநெல்வேலிக்கு இருப்புப்பாதை இணைப்பு ஏற்பட்டது. செங்கோட்டையில் பிறந்து, புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறையில் பணியாற்றிய வாஞ்சிநாதன், 1911 சூன் 17ஆம் நாள் மணியாச்சி சந்திப்பில் திருநெல்வேலி ஆட்சியர் ராபர்ட் வில்லியம் டெஸ்கோர்ட் ஆஷைச் சுட்டுக் கொன்று தம்மையும் சுட்டுக்கொண்டார். ஆஷ் கொலை பற்றி ரகமி, ரா. அ. பத்மநாபன், ஆ. இரா. வேங்கடாசலபதி முதலியோர் எழுதியுள்ளனர். அந்நிகழ்வின் அரசியலும் சாதிப் பார்வையும் வேறிடத்தில் ஆராயத்தக்கன. இங்குக் கருத வேண்டியது அவர் கையிலிருந்த கருவி: பெல்ஜிய நாட்டுத் தயாரிப்பான பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி.

கொல்லப்பட்டவரே அம்மாவட்டத்தில் துப்பாக்கி உரிமம் வழங்கும் அதிகாரி என்பது ஓர் உடன்நிகழ்வு. லீஜ் நகரையடுத்த ஹெர்ஸ்டாலில் செய்யப்பட்ட ஒரு கைத்துப்பாக்கி தென்பாண்டி நாட்டின் ஒரு புகைவண்டிச் சந்திப்பை அடைந்தது எப்படி என்பது உடன்நிகழ்வு அன்று. நாட்டுக்கு நாடு வேறுபட்ட ஆயுத விதிகளே அப்பாதையை அமைத்தன.

அக்கால இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி உரிமம் என்பது பத்து ஷில்லிங் வரி செலுத்தி அஞ்சலகத்தில் பெறும் சீட்டு. கைத்துப்பாக்கிக்கென 1903இல் தனிச்சட்டம் வந்தது. அதுவும் விற்பவர் மீதே கடப்பாட்டைச் சுமத்தியது. உரிமச் சீட்டோ வீட்டுடைமையோ காட்டுபவருக்கு விற்கலாம். காவல்துறை ஒருவரின் தகுதியை ஆராய்ந்து சான்றளிக்கும் முறை இங்கிலாந்தில் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே ஏற்பட்டது. 1909 சூலையில் கர்சன் வில்லியைச் சுட்ட மதன்லால் திங்ரா, லண்டன் கடையொன்றில் துப்பாக்கியை வெளிப்படையாக வாங்கி, டாட்டன்ஹாம் கோர்ட் சாலையிலிருந்த பயிற்சிக் கூடத்தில் வெளிப்படையாகவே பயின்றார். பிரான்சில் 1885 ஆகஸ்டில் இயற்றப்பட்ட சட்டம், படைத்துறைக்கு உரியவை அல்லாத ஆயுதங்களின் தயாரிப்பையும் வாணிகத்தையும் தடையற்றதாக்கியிருந்தது. ஆக, ஓர் இந்திய மாணவர் லண்டனிலோ பாரிசிலோ இருக்கும்வரை ஏனைய வாடிக்கையாளரைப் போன்றவரே. அவர் வாங்கிய பொருள் பம்பாய்த் துறைமுகத்தை அடையும்போதுதான் அவருடைய இனமும் தகுதியும் வினாவுக்கு உள்ளாயின. 1909இல் சாவர்க்கர் பாரிசில் பெற்ற இருபது பிரௌனிங் கைத்துப்பாக்கிகள், இந்தியா ஹவுசின் சமையற்காரர் ஒருவரின் பெட்டியின் போலி அடித்தட்டில் மறைத்துப் பம்பாய்க்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் ஒன்றால் அவ்வாண்டு டிசம்பர் 21இல் நாசிக் ஆட்சியர் ஜாக்சன் கொல்லப்பட்டார்.

பம்பாயில் சுங்கம் விழிப்படைந்த பின்னரும் பிரெஞ்சுப் பகுதிகள் இருந்தன. இங்கு ஒரு முரணைச் சுட்டலாம். 1814ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி, பிரான்சு தன் இந்தியப் பகுதிகளில் கோட்டை கட்டக்கூடாது. காவலுக்குத் தேவையான அளவுக்கு மேல் படை வைத்திருக்கவும் கூடாது. அரசின் ஆயுதத்தைக் கட்டுப்படுத்திய அவ்வுடன்படிக்கை தனிமனிதரின் ஆயுதத்தைப் பற்றி எண்ணிப் பார்க்கவில்லை. வங்கத்துச் சந்திரநாகூரில் ஆயுத இறக்குமதிக்குத் தடை கொண்டுவந்தவராகக் கருதப்பட்ட மேயர் தார்திவெல் மீது 1908 ஏப்ரலில் குண்டு வீசப்பட்டது. ஓர் எல்லையின் இடைவெளி அடைக்கப்படுவது புரட்சியாளருக்கு எவ்வளவு பெரிய இழப்பாக இருந்தது என்பதை இந்நிகழ்ச்சி காட்டும்.

புதுச்சேரிக்கு 1910ஆம் ஆண்டில் வ.வே.சு. ஐயர் வந்து சேர்ந்தார். வாஞ்சி 1911இன் தொடக்கத்தில் விடுப்பெடுத்துக்கொண்டு அங்குச் சென்றதையும், ஐயரிடம் சுடும் பயிற்சி பெற்றதையும் வரலாற்றாசிரியர்கள் குறிப்பர். 1918ஆம் ஆண்டு ரௌலட் குழு அறிக்கையின் சென்னை பற்றிய பகுதியிலும் இச்செய்தி இடம்பெறுகிறது. புதுச்சேரியிலிருந்து செங்கோட்டைக்குச் செல்பவர் பிரெஞ்சு எல்லையைக் கடந்து பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழைந்து, அதைத் தெற்காகக் கடந்து, மீண்டும் ஓர் எல்லையைத் தாண்டித் திருவிதாங்கூரை அடைய வேண்டும். செங்கோட்டையிலிருந்து மணியாச்சிக்குச் செல்ல மற்றுமோர் எல்லை. புதுச்சேரியிலிருந்து வரும் பயணிகளின் மூட்டைகளைச் சோதிக்கச் சுங்கச் சாவடிகள் இருந்தன, ஒற்றர்களும் இருந்தனர். பை ஒன்றுக்குள் அடங்கும் தானியங்கிக் கைத்துப்பாக்கி, 1878இல் சட்டம் வகுத்தவர்கள் அறியாத பொருள். அவர்கள் மனத்திலிருந்தது தோளில் சுமக்கும் நீள்குழல் துப்பாக்கி.

வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தின் சிறப்பு ஆயத்தில் தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட், நீதிபதிகள் அய்லிங், சங்கரன் நாயர் ஆகியோர் முன் நடைபெற்று 1912 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. குற்றம் சாட்டப்பட்டோர் பதினால்வர். நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டும் சங்கரகிருஷ்ணனுக்கு நான்காண்டும் சிறை. அரசுக்கு எதிராகப் போர் தொடுக்கச் சதி என்ற குற்றச்சாட்டில் மாறுபட்ட கருத்தை எழுதிய சங்கரன் நாயர், பாலக்காட்டை அடுத்த மங்கரையில் பிறந்தவர். புதுச்சேரியிலும் நிலை மாறியது. அயலார் ஐவர் நற்சான்றுடன் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற விதி வந்தபோது, பாரதியும் ஏனையோரும் தங்குவதற்கு உள்ளூர்ப் பெரியோர் துணைநின்றனர். ஆயுதம் புகுந்த இடைவெளியை அடைக்கப் போட்ட விதி மனிதரைப் பதிவு செய்யும் விதியாகவே அமைந்தது என்பது நோக்கத்தக்கது.

ஒரே சட்டம், இரண்டு பக்கம்

முதல் உலகப்போர் முடிந்தபின் இன அடிப்படையிலான விலக்கை நிலைநிறுத்துவது இயலாததாயிற்று. 1920ஆம் ஆண்டு விதிகள் ஐரோப்பியர் என்பதற்காகவே அளிக்கப்பட்ட விலக்கை நீக்கின. ஏட்டளவில் தோட்டத்துரையும் உழவரும் ஒரே வரிசையில் நின்றனர். வரிசையின் முடிவில் அமர்ந்திருந்த ஆட்சியரின் விருப்புரிமை குறையவில்லை.

விடுதலைக்குப் பின் 1951ஆம் ஆண்டில் 1878இன் சட்டம் திருவிதாங்கூர்-கொச்சிக்கும் நீட்டிக்கப்பட்டது. வெள்ளையர் சென்று நான்காண்டுகளுக்குப் பின்னரே அவர்களுடைய சட்டம் மறையூருக்கு வந்தது எனலாம். 1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது செங்கோட்டையின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் நின்றன. அப்போராட்டத்தின் வரலாறு தனி நூலுக்குரியது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 13ஆம் பிரிவு, உண்மையான பயிர்க்காவலுக்காக வாய்வழிக் கெட்டிப்புத் துப்பாக்கி கேட்பவருக்கு உரிமம் வழங்க வேண்டும் என்று கூறியது. கானவனின் இதணத்துக்கு இந்தியச் சட்டத்தில் கிடைத்த இடம் இந்த ஒரு வரியே.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. வடக்கே குடகில், 1861ஆம் ஆண்டு மார்க் கப்பன் காலத்தில் குடகருக்கு அளிக்கப்பட்ட விலக்கு, பிந்தைய சட்டங்களிலும் தொடர்ந்து, 2019இல் மைய அரசால் 2029 வரை நீட்டிக்கப்பட்டது. 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. குடகரின் வீரமரபும் கோவில் சடங்குகளும் காரணமாகக் காட்டப்படுகின்றன. மரபு என்றால் அஞ்சுநாட்டுக்கும் முதுவருக்கும் உண்டு. 1857இல் ஆங்கிலேயரின் பக்கம் நின்றமைக்குப் பரிசாகத் தொடங்கிய விலக்கு பின்னர் மரபாக விளக்கப்பட்டது என்பதே வரலாற்றுக்குப் பொருந்துவதாகத் தோன்றுகிறது.

இன்றைய உரிமத் தாளில், அது எந்நிலப்பகுதிக்குள் செல்லும் என்று குறிக்க ஓர் இடம் உண்டு. மறையூர்வாசி 1972க்கு முன் கோட்டயம் ஆட்சியரிடமும் பின்னர் இடுக்கி ஆட்சியரிடமும் பெற்ற உரிமம், அதில் குறித்த எல்லைக்குள்தான் செல்லும். சமஸ்தானங்கள் மறைந்தும் உரிமத்தாளில் எல்லை மறையவில்லை. இதனோடு மற்றோர் எல்லையும் சேர்ந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 31ஆம் பிரிவில், எழுத்து வடிவிலான முன்அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் ஆயுதத்துடன் நுழைவதைத் தடுக்கிறது. சின்னாறு 1984இல் சரணாலயமாயிற்று. உடுமலையிலிருந்து மறையூருக்குச் செல்லும் சாலை முதலில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தையும் பின்னர் சின்னாற்றையும் கடந்தே செல்கிறது.

இவ்வெல்லைகளின் நடுவே கரும்பும் காய்கறியும் விளைகின்றன. மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரும்புக்கு யானையும் பன்றியும் வருவது புதிதன்று. கேரள அரசு 2022 மே மாதத்தில், உயிருக்கும் உடைமைக்கும் கேடு செய்யும் காட்டுப்பன்றியைக் கொல்ல ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போரைக் கொண்டு ஊராட்சித் தலைவர் சுடச்செய்யலாம். தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் வகுத்த முறை வேறு: காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடலாகாது, மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், அதற்கப்பால் வனத்துறையினரே சுடலாம். மேற்கே உரிமம் பெற்ற குடிமகனின் துப்பாக்கிக்கு இடமுண்டு. கிழக்கே அரசுப் பணியாளரின் துப்பாக்கிக்கு மட்டுமே இடம். இரண்டு முறைகளும் ஒரே 1972ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டவை. சின்னாற்றின் ஒரு கரையில் சுடத்தக்கதாக அறிவிக்கப்பட்ட பன்றி ஆற்றைக் கடந்து மறுகரையில் ஏறிவிட்டால், அதைத் துரத்தி வந்த மறையூர் உழவர் தம் துப்பாக்கியுடன் நீர் விளிம்பிலேயே நிற்க வேண்டும்.